இல்லம் அறிந்து இணைப்புச் செய்க

நிலத்தின் இயல்பறிந்து விதைப்பவனே நல்ல உழவன். மண்ணின் உறுதியறிந்து கடைகால் இடுபவனே நல்ல கொத்தன். கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அது பயன்படும் இடத்தின் தன்மையை அறியாதவனுக்கு அதனால் முழுப்பயன் விளைவதில்லை. இவ்வுண்மை இல்லத்துக் கணிப்பொறிக்கும் பொருந்தும்.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன; இல்லங்களே வகுப்பறைகள் ஆயின. அப்பொழுது பல வீடுகளில் ஒரு குறை புலப்பட்டது. கூடத்தில் தெளிவாகக் கேட்ட ஆசிரியரின் குரல், மாடியறையில் துண்டு துண்டாய்ச் சிதைந்தது. இணையம் வீட்டு வாயில் வரை வந்துவிட்டது. அங்கிருந்து மாணவனின் மேசை வரை அதனைக் கொண்டு செல்வதே அரிதாயிற்று. அக்குறையை நீக்கப் பலரும் நாடும் வழிகள் இரண்டு. ஒன்று, ‘வைஃபை’ எனப்படும் கம்பியில்லா முறை. மற்றொன்று, ‘பவர்லைன்’ எனப்படும் மின்கம்பி வழி முறை. இவற்றுள் எதனைத் தேர்வது?

கம்பியில்லா முறையில் ‘ரூட்டர்’ என்னும் திசைவி வானொலி அலைகளை எழுப்புகிறது. கணிப்பொறி அவற்றை ஏற்கிறது. இவ்வலைகள் பெரும்பாலும் நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி அல்லது 500 கோடி அதிர்வுகள் உடையன. முன்னவை நெடுந்தொலைவு செல்லும். பின்னவை மிகுதியான செய்தியைத் தாங்கும். ஆயினும் சுவர்களைக் கடக்கையில் விரைவில் தளரும். கனத்த செங்கற்சுவரும், இரும்புக்கம்பி பொதிந்த கற்காரைத் தளமும், இரும்புப் பீரோவும் இவ்வலைகளுக்குப் பகை. அண்டை வீட்டார் அலைகளும், நுண்ணலை அடுப்பின் கசிவும் இடையூறு செய்தல் உண்டு. எனினும், சுவரைத் துளைக்க வேண்டுவதில்லை என்பதும், விரும்பிய இடத்தில் அமர்ந்து பயிலலாம் என்பதும் இம்முறையின் சிறப்புகளாம்.

மின்கம்பி வழி முறையோ வேறு வகையது. திசைவியின் அருகே ஒரு சிறு கருவியும், கணிப்பொறியின் அருகே மற்றொரு கருவியும் சுவரிலுள்ள மின்செருகுவாய்களில் பொருத்தப்படும். சுவரினுள் ஓடும் மின்கம்பியே செய்தியையும் சுமந்து செல்லும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 அதிர்வுகள் உடையது. அதன்மீது பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட நுண்ணிய மின்னலைகள் ஏற்றப்படுகின்றன. பேராற்றின் பெருக்கின்மேல் சிற்றலைகள் தவழ்வது போன்றது இது. சுவர் எத்துணைக் கனமாயினும் இதற்குத் தடையில்லை.

“அறைதோறும் விளக்கு எரிகின்றது, ஆதலின் அறைதோறும் இணையமும் தடையின்றிச் செல்லும்” என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையுடையது. மும்முனை மின்னிணைப்புடைய வீட்டில், கூடம் ஒரு முனையிலும் மாடி மற்றொரு முனையிலும் இணைந்திருத்தல் கூடும். அங்ஙனமாயின் செய்தி நலிந்தே சேரும், சேராதும் போகலாம். இன்வெர்ட்டருக்கெனத் தனிக்கம்பி இழுத்த வீடுகளிலும் இவ்விடர் உண்டு. மின்தடை நேருங்கால், இன்வெர்ட்டரோடு இணையாத செருகுவாயில் உள்ள கருவி உடனே உறங்கிவிடும். மிக்சியின் சுழற்சியும், தரங்குறைந்த மின்னேற்றிகளும் கம்பியில் இரைச்சலை உண்டாக்கும். மின்பாதுகாப்புப் பலகையில் கருவியைச் செருகினால், அப்பலகையே செய்தியை விழுங்கிவிடுதலும் உண்டு.

கருவியின் பெட்டிமேல் அச்சிட்ட வேகத்தைக் கண்டு மயங்குவோர் பலர். அவ்வெண் ஆய்வுக்கூடத்து எல்லையேயன்றி, இல்லத்தில் கிடைக்கும் அளவன்று. இஃது இரு முறைகளுக்கும் பொது. கம்பியில்லா அலை சுவர் கடந்து தெருவிலும் பரவுமாதலின் அதற்கு வலிய கடவுச்சொல் வேண்டும். மின்கம்பி வழிச் செய்தியும் சிற்சில இடங்களில் அண்டை வீட்டை எட்டக்கூடும். ஆதலின் அதனையும் பூட்டி வைத்தலே அறிவுடைமை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பொருள் செலவிடுமுன் திசைவியின் இடத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். தரையில் பீரோவின் பின்னே கிடக்கும் திசைவியை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தால், காசின்றியே பல வீடுகளில் குறை தீரும். அது பயன்படாவிடின், கணிப்பொறி ஓரிடத்திலேயே நிலைத்திருப்பதாயின், திசைவியிலிருந்து நேரே இணையக்கம்பி இழுத்தலே தலைசிறந்தது. அதற்கும் வழியில்லையெனில், இரண்டு செருகுவாய்களும் ஒரே முனையில் உள்ளனவா என்பதை மின்பணியாளரைக் கொண்டு அறிந்தபின், மின்கம்பி வழியை நாடலாம். ஒரே முனையில் இல்லாதவிடத்து, கம்பியில்லா முறையிலேயே இடைநிலையம் ஒன்று அமைத்தல் நன்று. எதனை வாங்கினும், பயன்படாவிடின் திருப்பிக் கொடுக்கும் உறுதியைப் பெற்றே வாங்குதல் வேண்டும்.

புதியது என்பதனால் ஒன்று உயர்ந்ததாகாது. அண்டை வீட்டார்க்குப் பயன்பட்டது என்பதனால் நமக்கும் பயன்படுமென்பது இல்லை. கடைக்காரர் தம் சரக்கை அறிவார். நம் வீட்டுச் சுவரையும் கம்பியையும் அறியார். அவற்றை அறிதல் வீட்டுடையார் கடமை. அக்கடமையைச் செய்யாது வாங்கிய கருவி, குடும்பத்தின் அரும்பொருளையும் மாணவனின் பொன்னான நேரத்தையும் ஒருங்கே வீணாக்கும். முதலில் இல்லத்தை ஆராய்க. பின்னர்க் கருவியைத் தேர்க.