அளக்கப்படாத காற்று

2022 டிசம்பர் 9 ஆம் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. வங்காள விரிகுடாவில் மண்டோஸ் சூறாவளி மையங்கொண்டிருந்த வேளையில், இந்தியப் பெருநிலத்தின் மாசு காற்றோடு வந்து தீவின் மீது படிந்தமையே காரணம் எனக் கூறப்பட்டது. அன்று முகிலா புகையா எனப் பார்த்தவர் ஐயுற்றனர். அளவீட்டுக் கருவிகளோ ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. எண் கையிலிருந்தமையாலேயே அரசாங்கம் உடனடியாகச் செயற்பட்டது.

இங்கு அளக்கப்படுவது 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய துணிக்கைகளாகும். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 30 இல் ஒரு பங்கான இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. வடிதாளினூடாக 24 மணித்தியாலம் காற்றை உறிஞ்சி, தாளின் எடை எவ்வளவு கூடியதெனப் பார்ப்பதே நம்பகமான முறை. ஒளிச்சிதறலைக் கொண்டு கணிக்கும் மலிவான கருவிகள் ஈரப்பதன் மிகுந்த கரையோரங்களில் தூசை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். ஆயினும், தரமான கருவியுடன் ஒப்பிட்டுச் சீர்செய்தால் அவையும் பயன்தருவனவே.

அளந்த பின்னரும் ஒரு சிக்கல் உண்டு. எமது நாட்டின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கனமீற்றர் ஒன்றுக்கு வருடச் சராசரியாக 25 மைக்ரோகிராமை அனுமதிக்கின்றது. உலக சுகாதார நிறுவனமோ 2021 இல் தனது வழிகாட்டல் அளவை 5 ஆகக் குறைத்தது. ஐந்து மடங்கு இடைவெளி! சட்டப்படி தூய்மையான காற்று, மருத்துவப்படி தூய்மையானதாக இராது.

வாகனப் புகைப் பரிசோதனையும் இத்தகையதே. டீசல் வாகனப் புகை எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்பதையே அது பார்க்கின்றது; சுவாசப்பைக்குள் செல்லும் துணிக்கையின் நிறையை அன்று.

நகரத்துச் சந்தியில் நிறுவிய கருவி, விறகடுப்பின் முன் நாள்தோறும் நிற்கும் பெண்ணின் மூச்சை அளப்பதில்லை. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் நிலக்கரித் தூசு, சாம்பல் குறித்துப் புத்தளம், கற்பிட்டிப் பகுதித் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் நீண்டகாலமாக முறையிட்டு வருகின்றனர். முறைப்பாட்டை மறுப்பது எளிது, எண்ணை மறுப்பது எளிதன்று. எனவே அக்கிராமங்களின் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கருவிகளை நிறுவி, அன்றாட அளவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வாயிலிலேயே காட்சிப்படுத்துமாறு மத்திய சுற்றாடல் அதிகார சபையை நாம் கேட்கின்றோம். அளவிடும் பொறுப்பை மின் நிலையத்திடமே விட்டுவிடுதல் ஆகாது.