மனச்சோர்வுக்கும் ஓர் அளவு வேண்டும்

ஆனி, ஆடியில் சாரல் இறங்கியதும் குற்றாலத்தை நாடி வரும் ஜனத்திரளில், குளித்துக் களிக்க வருகிறவர்களோடு, சித்தம் கலங்கிய உறவினரைக் கைப்பிடியாக அழைத்து வந்து அருவியின் கீழ் நிறுத்துகிறவர்களும் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறார்கள். மூலிகை வாசம் ஏறிய அந்தத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்ற அவர்களுடைய விசுவாசத்தைப் பரிகசிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இத்தகைய நம்பிக்கைகளைப் பரீட்சித்துப் பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிச் சொஸ்தம் தேடிய 31 மனநோயாளிகளை, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்களும் அவர்களுடைய சகாக்களும், வந்தபோதும் புறப்படும்போதும் ஒரே அளவுகோலைக் கொண்டு மதிப்பிட்டு, நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் மனச்சிதைவு உற்றவர்கள். மனச்சோர்வு அங்கே விஷயமன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆயினும், கோயிலுக்குச் செய்த அந்த மரியாதையை நம்முடைய ஆஸ்பத்திரிகள் தாங்கள் கொடுக்கும் மாத்திரைக்கும் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறாள் என்று கொள்வோம். நெஞ்சு படபடக்கிறது, கைகால் ஓய்கிறது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை என்கிறாள். மாத்திரை எழுதப்படுகிறது. அடுத்த முறை டாக்டர் விசாரித்ததும், அவள் வாய் திறப்பதற்கு முன்பே, உடன் வந்தவர் பதில் சொல்லிவிடுகிறார்: “ராத்திரி நல்லா உறங்குறா சார், இப்பம் தேவலை.” மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, கத்தரித்த இலையைச் சுற்றாமல், பொழுதெல்லாம் அவள் வெறித்துப் பார்த்திருப்பது அந்தப் பதிலில் வருவதில்லை. உறக்கம் வந்துவிட்டதே என்று சில நாளில் மாத்திரையும் நின்றுபோகும்.

எது தேறியது, எது தேறவில்லை என்று பிரித்தறிவதற்கு உதவுபவை, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 போன்ற வினாத்தாள்கள். கடந்த இரண்டு வாரங்களில் காரியங்களில் நாட்டம் இருந்ததா, நித்திரை எப்படி, ஆகாரம் எப்படி, தன்னைத் தானே தாழ்வாக எண்ணியதுண்டா என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. நம் ஜனங்களுக்கு இது ஒவ்வாது என்ற ஆட்சேபம் நிற்காது; இதன் பன்னிரண்டு கேள்வி வடிவத்தைக் கொண்டு சென்னையில் 25,455 பேரை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். பெய்ஜிங்கில் மனச்சோர்வுற்ற 120 நோயாளிகளுக்கு ஒரே வகை மருந்துகளைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் கிரமமாக மதிப்பெண் பார்த்து அதற்கேற்ப அளவை மாற்றியபோது, அவர்களில் நூற்றுக்கு 73.8 பேர் பூரணமாகத் தணிவுற்றார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலோ 28.8 பேர்தான். 2015-இல் வெளியான ஆய்வு இது.

ஆனால் கூட்டுத்தொகையை மாத்திரம் நம்புவது அபாயம். மாக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வகுத்த, இன்றும் வழங்கும் மனச்சோர்வு அளவுகோலின் 17 அம்சங்களில் மூன்று நித்திரையைப் பற்றியவை. உறக்கம் தரும் மருந்து எதுவும், துக்கத்தைத் தொடாமலே, 52-க்கு ஆறு மதிப்பெண் வரை இறக்கிவிடக்கூடும். பி.எச்.க்யூ-வின் ஒன்பதாவது கேள்வியோ, செத்துப்போனால் நல்லது என்றோ, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா என்பது. மொத்தம் 19-லிருந்து எட்டுக்கு இறங்கிய ஒருத்திக்கு அந்தக் கேள்வியில் ஒரு மதிப்பெண் மிஞ்சியிருந்தாலும், தேறிவிட்டாள் என்று அவளை அனுப்பிவிடலாகாது.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில், தலைமை மருத்துவமனையிலிருந்தே இதைத் தொடங்கலாம். உடன் வந்தவரைத் தாழ்வாரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அந்த ஒன்பதையும் அவளுடைய பேச்சிலேயே கேட்டு, ஒவ்வொரு விடையையும் தனித்தனியே ஓ.பி. சீட்டில் குறித்து, எந்நேரமும் அழைக்கத்தக்க டெலி மானஸ் மனநல உதவி எண்ணாகிய 14416-ஐயும் அதன் அடியில் எழுதிக் கொடுக்கட்டும்.