கியர் விழாத காரும், ஜாப் கார்டில் விழாத புகாரும்

மூணு வருஷம் முன்னாடி எங்க அத்தை பையன் ஒரு கார் வாங்கினான். நிஜ ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இல்லீங்க. ஆனா ப்ரோஷர்ல இருந்து சேல்ஸ் பையன் வாய் வரைக்கும் 'ஸ்போர்ட்ஸ்' தான். கியர் லீவரைத் தள்ளினா ஸ்போர்ட்ஸ் மோடு, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி கியர் மாத்த ரெண்டு துடுப்பு, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். கம்பெனி பேரு, ஷோரூம் பேரு ரெண்டும் இங்க வராது. பேரு முக்கியமில்ல, மேட்டர்தான் முக்கியம்.

வண்டி வந்தது புளியந்தோப்புக்கு. பையனுக்கு வேலை திருவொற்றியூர்ல. பேசின் பிரிட்ஜ், ராயபுரம், காசிமேடுன்னு போகணும். அந்த ரூட்ல போனவங்களுக்குத் தெரியும், ஹார்பர் கண்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னா நம்ம ஸ்போர்ட்ஸ் மோடு எல்லாம் மணிக்கு 5 கிலோமீட்டர் தான் :-)

ஆறே மாசத்துல வண்டி உதற ஆரம்பிச்சது. மெதுவா உருட்டும்போது கடகடன்னு ஒரு நடுக்கம். அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஒரு செகண்ட் யோசிச்சுட்டு திடீர்னு பாயும். அவன் எங்கிட்ட சொன்னப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு மேனுவல் ஓட்டியே பழக்கம்டா, ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியல." இதை ஏன் சொல்றேன்னா, சர்வீஸ் சென்டர்லயும் வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாங்க. "டிரைவிங் ஸ்டைல் சார். இந்த கியர்பாக்ஸோட கேரக்டரே இப்படித்தான்."

ஒரு நாள் பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல வண்டி நின்னுச்சு. முன்னாடி போகலை, பின்னாடி உருள ஆரம்பிச்சது. பின்னாடி டிரெய்லர் லாரி. பின் சீட்ல அத்தை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு உட்கார்ந்தவன், அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட பேசும்போதும் கை நடுங்கிட்டுதான் இருந்தான். நான் சொன்ன ஜோக் எனக்கே அசிங்கமாப் போச்சு.

சரி, இது ஏன் நடக்குது? டூயல் கிளட்ச்ல ஒத்தைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், ரெட்டைப்படைக்கு இன்னொண்ணு. நீங்க ரெண்டாவதுல போகும்போதே மூணாவது தயாரா காத்திருக்கும், அதான் கண் சிமிட்டுற நேரத்துல மாறுது. 1980-களில் போர்ஷே ரேஸ் கார்கள்ல ஓட்டிப் பார்த்த சமாச்சாரம். 2003-ல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல் வந்து, அப்புறம் சின்ன கார்களுக்கும் இறங்கிச்சு. சின்ன கார்கள்ல பெரும்பாலும் எண்ணெயில் முங்காத 'உலர்' கிளட்ச். விலையும் எடையும் குறைவு, மைலேஜும் நல்லது. ஆனா ஊர்ந்து போற டிராஃபிக்ல கிளட்ச் முழுசாப் பிடிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும். சூட்டை வாங்கிக்க எண்ணெயும் இல்ல. சூடேற ஏற மேல்பரப்பு கெடும், கெட்டா உதறும். ஓட்டுறவன் என்ன பண்ணுவான், பாவம்? கண்டெய்னர் லாரியைத் தள்ளிட்டா போக முடியும்?

'ஓட்டத் தெரியல'ங்கிற பதில் நம்ம ஊர் சரக்குன்னு நினைச்சிடாதீங்க. நிசான் ஜிடி-ஆர், 2007 கடைசியில் ஜப்பான்ல வந்த அசல் ஸ்போர்ட்ஸ் கார். ராக்கெட் மாதிரி கிளம்ப 'லாஞ்ச் கண்ட்ரோல்' உண்டு. ஆனா அதுக்கு, வண்டி சறுக்காம காக்குற விடிசி-யை அணைக்கணும். அணைக்க பட்டன் கம்பெனியே வெச்சது. அணைச்சு ஓட்டி கியர்பாக்ஸ் போனா வாரண்டி இல்லன்னும் கம்பெனியே சொல்லிச்சு. அமெரிக்காவுல கேஸ் வரைக்கும் போச்சு. அப்புறம் சாஃப்ட்வேரை மாத்தி, குறைஞ்ச ஆர்பிஎம்-ல கிளம்புற மாதிரி செஞ்சாங்க.

அதைவிடப் பெரிய உதாரணம் ஃபோர்டு பவர்ஷிஃப்ட். ஆஸ்திரேலியாவுல ஃபியஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட்னு சுமார் 70,000 வண்டி வித்தது. அதுல கிட்டத்தட்ட பாதி வண்டிங்க, உதறல் புகாருக்காக ஒரு தடவையாவது ரிப்பேருக்கு வந்துச்சு. குறை இருக்குன்னு தெரிஞ்சும், சில வாடிக்கையாளர்கள்ட்ட 'உங்க டிரைவிங் தான் காரணம்'னு சொன்னாங்க. அங்கே நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போய், 2018 ஏப்ரல்ல 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. நம்ம மறைமலைநகர்ல தயாரான எகோஸ்போர்ட்லயும் 2013-ல் டூயல் கிளட்ச் கொடுத்தாங்க. 2017-ல் புது இன்ஜினோட வந்தப்போ பழைய டார்க் கன்வர்ட்டருக்கே திரும்பிட்டாங்க. அதுவே ஒரு பதில் தான்னு எனக்குத் தோணுது.

\*\*\*

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். மூணு தடவை வண்டியை விட்டு எடுத்த பேப்பரையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து படிச்சேன். மூணுலயும் 'ஜெனரல் செக்-அப்', 'சாஃப்ட்வேர் அப்டேட்'. உதறல்ங்கிற வார்த்தையே இல்ல! அதாவது, காகிதத்தின்படி எங்க வண்டிக்கு நோயே வரலை.

டீலர் கெட்டவன்னு சொல்ல வரலை. வாரண்டி வேலைக்குக் காசு கொடுக்கிறது கம்பெனி. கம்ப்யூட்டர்ல எரர் கோடு வரலைன்னா, பார்ட் மாத்தினதுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது டீலர். உதறலோ அவங்க ஓட்டிப் பார்க்கும்போது சமர்த்தா இருக்கும், வண்டி ஆறிப்போய் இருக்குமில்ல. அதனால எழுதாம விட்டா அவங்களுக்கு சௌகரியம். நமக்கு வாரண்டி தேதி ஓடிட்டே இருக்கும். வாரண்டிங்கிறது சட்டைப்பையில இருக்கிற பணம் இல்ல, நிரூபிச்சு வாங்க வேண்டிய கடன். நிரூபணம் ஜாப் கார்டு.

நாலாவது தடவை, வாரண்டி முடிய ரெண்டு மாசம் இருக்கும்போது, நாங்க செஞ்சது இவ்வளவுதான். புகாரை எங்க வார்த்தையிலயே எழுதச் சொன்னோம்: 'டிராஃபிக்கில் 30 நிமிடம் ஓட்டியபின் 1, 2 கியரில் உதறல், ஏற்றத்தில் பின்னால் உருள்கிறது.' எழுதாம கையெழுத்து போட மாட்டோம்னு நின்னோம். உதறலை செல்போன்ல வீடியோ எடுத்து வெச்சிருந்தோம். சூடான வண்டியில சர்வீஸ் அட்வைசரையே உட்கார வெச்சு ராயபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போனோம், மனுஷன் வியர்த்துட்டார். எல்லாத்தையும் கம்பெனிக்கு மெயில் போட்டோம். ஆறு வாரம் ஆச்சு, ஆனா கிளட்ச் செட் இலவசமா மாறிச்சு. அந்த ஆறு வாரம் அவன் ஷேர் ஆட்டோவுக்கும் காசு கொடுத்தான், ஈஎம்ஐயும் கட்டினான். அதை யாரும் திருப்பித் தரலை.

இதுக்கு மேலயும் போகணும்னா வழி இருக்கு. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய் தான். ஆனா ஒண்ணு, 'புது காரே கொடு'ன்னு கேட்கிறவங்க 2006-ல் மாருதி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதைத் தெரிஞ்சுக்கணும். அதுவும் கிளட்ச் தகராறு தான். வாரண்டியில பழுதான பாகத்தை மாத்தித் தர்றதா இருந்தா, முழு காரையும் மாத்தச் சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு. அதனால கேட்கிறதை அளவாக் கேளுங்க, அழுத்தமாக் கேளுங்க.

'அப்படித்தான் இருக்கும் சார்'னு யாராவது சொன்னா சிரிச்சுக்கிட்டே, "அதையும் இதுல எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. எழுதிட்டா அது அவங்க பொறுப்பு. எழுத மறுத்தா, குறை இருக்கிறது அவங்களுக்கும் தெரியும்னு அர்த்தம்.

டிஸ்கி: வண்டி இப்போ உதறலை. ஆனா அத்தை இன்னும் அதுல ஏற மாட்டேங்கிறாங்க. பேசின் பிரிட்ஜ் வழியா போறதா இருந்தா ஆட்டோ தான். அந்த பயத்துக்கு எந்த கம்பெனியும் வாரண்டி தர்றதில்ல.