அகல டயர் போட்டால் கார் பறக்குமா? ட்ராக்குக்குப் போகும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதிலிருந்து ரேஸ் பேச்சு நம் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. ‘நம்ம ஸ்விஃப்ட்டையும் ஒருநாள் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கலாமா?’ என்று கேட்கும் தம்பிகள் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள்.

ஆசையில் தப்பே இல்லை. ஒட்டன்சத்திரம், பழநி, பொள்ளாச்சி வழியாகப் போனால் சுமார் 150 கிலோமீட்டரில் கோவை செட்டிபாளையம் வந்துவிடும். அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறக்கப்பட்ட, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள ட்ராக். பந்தய வீரரும், பந்தயக் கார்களை உருவாக்கியவருமான எஸ்.கரிவரதன் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. ‘ட்ராக் டே’ நடக்கும் நாள்களில் கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரையே ஓட்டலாம்.

சிக்கல் அதற்கு முன்பே, வீல் கடையில் ஆரம்பிக்கிறது. ‘அகலமான அலாய், அகலமான டயர் போட்டால் கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்’ என்பதுதான் எல்லோரும் சொல்வது. பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாவிட்டால் பணத்தோடு போகாது.

உள்ளங்கை அளவுதான்!

ஒரு டன் எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 250 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அளவு!

டயரை அகலமாக்கினால் இந்த இடம் பெரிதாகும் என்று நினைக்கிறோம். எடையும் காற்றும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். நீளவாக்கில் இருந்த தடம் அகலவாக்கில் விரியும். வளைவில் டயர் குறைவாக முறுக்கிக்கொள்ளும், சூடும் பரவலாகப் பிரியும். அதனால்தான் ட்ராக்கில் அகல டயர் வேலை செய்கிறது.

ஆனால் பிடிமானத்தைத் தீர்மானிப்பதில் ரப்பரின் தன்மைக்குத்தான் பெரிய பங்கு. டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். 400 என்றால் நீண்ட நாள் உழைக்கும் சாலை டயர். 200 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒட்டிப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். தேய்ந்து கெட்டித்துப்போன அகல டயரைவிட, கம்பெனி அளவிலேயே நல்ல ரப்பர் உள்ள புது டயர் மேல்.

அந்த எண்கள் சொல்வது என்ன?

ஸ்விஃப்ட்டின் உயர் ரகங்களில் பல வருடங்கள் வந்த அளவு 185/65 ஆர்15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ.

ட்ராக் ஆட்கள் விரும்பும் 195/50 ஆர்15 டயரின் உயரம் 576 மி.மீ.தான். அகலம் கூடியது 10 மி.மீ., உயரம் குறைந்தது 45 மி.மீ. அதாவது கார் சுமார் 23 மி.மீ. தரையை நோக்கி இறங்கிவிடும். மீட்டரில் 100 காட்டும்போது உண்மையான வேகம் 93-க்குப் பக்கத்தில் இருக்கும்.

அதற்கடுத்து வரும் எண்ணைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. அதுதான் சுமை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. டயருக்கு 85 கிலோ போய்விட்டது. தனி ஆளாக ட்ராக்கில் சுற்றும்போது இது தெரியாது. ஐந்து பேரும் சீர்வரிசைத் தட்டுகளுமாகக் கல்யாணத்துக்குப் போகும்போது, பள்ளத்தில் சக்கரம் இறங்கும் அந்த நொடியில் காப்பாற்றும் கையிருப்பே அதுதான். கம்பெனி சொன்ன சுமை எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

சாவி மாதிரி பொருந்த வேண்டும்

பூட்டு செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாவி உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, திரும்ப வேண்டும். வீலும் அப்படித்தான். நான்கு நட்டும் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் நடுத்துளை. ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. கடையில் வாங்கும் அலாய் பலவற்றில் துளை 67.1 அல்லது 73.1 மி.மீ. என்று பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

இரண்டாவது, ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. உதாரணத்துக்கு, 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள வீலைக் கழற்றிவிட்டு, 7 அங்குலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டினால், வெளிப்பக்கம் 29 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும், உள்பக்கம் 9 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசும், வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். காரில் நான்கு பேரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்து, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். டயரில் வெள்ளைக்கோடு விழுந்தால் அந்த வீல் வேண்டாம். ரிம்மில் ஐ.எஸ்.ஐ. அல்லது ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ட்ராக் முடிந்து வீடு திரும்பணுமே!

ட்ராக்கில் பள்ளம் இல்லை, எதிரே லாரி இல்லை. திரும்பும் வழியிலோ வேகத்தடைகள், ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிகள், ஐப்பசி கார்த்திகை என்றால் மழை. அகல டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் அதன் மேல் மிதக்கும் வாய்ப்பு அதிகம். காடி குறைந்த ட்ராக் டயரென்றால் இன்னும் மோசம். பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

அனுபவசாலிகள் இதற்கு இரண்டு செட் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து கம்பெனி வீலில் போவது, பின் சீட்டை மடித்து ட்ராக் வீல்களை ஏற்றிக்கொள்வது, அங்கே மாற்றி ஓட்டிவிட்டு மறுபடி கம்பெனி வீலில் திரும்புவது. மாற்றிய நட்டுகளை டார்க் ரென்ச்சால் முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

‘ட்ராக் எதற்கு, சிறுமலை இருக்கே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸுக்கும் வாழைத்தார் ஏற்றிவரும் வண்டிக்கும் போடப்பட்ட பாதை. அங்கே ஆம்புலன்ஸ் தயாராக நிற்பதில்லை.

ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது?

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். மகன் மாட்டிய வீலாக இருந்தாலும் பொறுப்பு உரிமையாளருக்கு, அதாவது அப்பாவுக்கு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்கும் கேள்வி ‘என்னென்ன மாற்றினீர்கள்?’ என்பதுதான்.

சாலைக்குப் பாதுகாப்பான எல்லை, அதே மாடலின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவு. கையேட்டிலும் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் உங்கள் காரின் விவரம் இருக்கும்.

முதல் ட்ராக் டேக்கு அகல வீலே தேவையில்லை. செலவு செய்வதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: புது பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட், வீல் அலைன்மென்ட், கம்பெனி அளவிலேயே நல்ல டயர். பத்து சுற்று ஓட்டிவிட்டு முன் டயர்களைப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், குறை அகலத்தில் இல்லை. சக்கரத்தின் சாய்வுக் கோணத்தில். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் அதே ஓரம்தான் தேயும். அடுத்த வீலை வாங்கலாமா வேண்டாமா என்று அந்த டயரே சொல்லிவிடும்.