இன்றைய தேதி போட்டுத் தொடங்குங்கள்!

ஆண்டு பிறந்ததும் புது டைரி வாங்கி, ‘இனி தினமும் எழுதுவேன்’ என்று முதல் பக்கத்தில் உறுதி எடுத்துக்கொள்வோர் நம்மிடையே பலர். பொங்கல் வரை அது நடக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியதும், அல்லது ஷிப்டு மாறியதும் நின்றுவிடுகிறது. மார்ச் மாதத்தில் அந்த டைரி பால் கணக்குக்குப் போய்விடுகிறது.

மும்பைத் தமிழரிடையே எழுதும் ஆவலுக்குக் குறைவில்லை. இலக்கு வைப்பதில்தான் கோளாறு. ‘இந்த ஆண்டு நாவல் எழுதி முடிப்பேன்’, ‘பெரிய பத்திரிகையில் என் கதை வர வேண்டும்’ என்று தொடங்குகிறார்கள். கதையை வெளியிடுவது ஆசிரியர் கையில் இருக்கிறது. பரிசு கொடுப்பது நடுவர் கையில் இருக்கிறது. எழுதுகிறவர் கையில் இருப்பது இன்றைய அரைப் பக்கம் மட்டுமே. அதற்குத்தான் இலக்கு வைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் 1834-ல் லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. முதல் நாவல் வெளிவந்தது 1847-ல். அது விலை போகவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. விடியற்காலை 5.30 மணிக்கு மேஜை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். எத்தனை பக்கம் ஆயிற்று என்று நாள்தோறும் குறித்துக்கொண்டார். அதன்பின் ஆபீசுக்குப் போனார். அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் 47.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்க, விடியுமுன் தண்ணீர் பிடிக்க வேண்டியவரால் இது ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் இலக்கு சிறிதாக இருக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கால் மணி நேரம் போதும். நோட்டிலோ செல்போனிலோ தினம் 100 சொல் எழுதலாம். காய்ச்சல், கல்யாணம், ஓவர்டைம் என்று ஆண்டில் 65 நாளைத் தள்ளிவிட்டாலும், மீதி 300 நாளில் 30,000 சொல் சேர்ந்துவிடும். அது ஒரு சிறு நாவலின் அளவு.

விட்டுப்போன நாட்களை என்ன செய்வது என்பதுதான் அடுத்த சிக்கல். பத்து நாள் எழுதாதவர், அந்தப் பாக்கியை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறார். ஞாயிறு வருகிறது; விருந்தாளியும் வருகிறார். பாக்கி கந்துவட்டிபோல் ஏறுகிறது. கடைசியில் நோட்டைக் கண்டாலே பயம் வந்துவிடுகிறது. லோக்கல் ரயிலைத் தவறவிட்டவர் அதன் பின்னால் தண்டவாளத்தில் ஓடுவதில்லை. அடுத்த வண்டியில் ஏறுகிறார். எழுத்துக்கும் அதுதான் வழி. பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு, இன்றைய தேதி போட்டுத் தொடங்க வேண்டும்.

வயதாகிவிட்டது என்பதும் காரணமாகாது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட கரிசல் காட்டு விவசாயி கி. ராஜநாராயணன் கதை எழுத வந்தது முப்பது வயதுக்கு மேல்தான். 1991-ல் அவருக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி, 1966-ல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வெளிவந்த பிறகு சில ஆண்டுகள் எழுதாமலே இருந்தார். மீண்டும் தொடங்கி, 1981-ல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ தந்தார். வேலைக்காக பம்பாய் வந்த நாஞ்சில் நாடன், இங்கே உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் 1977-ல் தம் முதல் நாவலான ‘தலைகீழ் விகிதங்க’ளை வெளியிட்டார். 2010-ல் அவருக்கும் சாகித்ய அகாதமி விருது வந்தது.

விருது எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் எழுத வேண்டிய கடமை இங்குள்ள தமிழருக்கு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் கிடங்குகளில் உழைத்தவர்களின் கதை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. 1960-களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது கடையை மூடிவிட்டு உள்ளே பதுங்கியிருந்தவர்கள் இன்று கிழவர்கள். தாராவியை இடித்துக் கட்டுவதற்கான டெண்டர் 2022-ல் திறக்கப்பட்டது. சந்துகள் மறைந்த பிறகு, தாத்தா எந்த ரயிலில் வந்தார், முதல் இரவு எங்கே படுத்தார் என்று பேரன் யாரிடம் கேட்பான்? வெளியூர் எழுத்தாளர் வந்து எழுதித் தருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. வாழ்ந்தவர்களும் அவர்கள் வாயால் கேட்டவர்களும்தான் எழுத வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களும் இதில் உதவலாம். பட்டிமன்றமும் கலைநிகழ்ச்சியும் நடக்கட்டும். அவற்றோடு, மாதம் ஒரு மாலை, உறுப்பினர்கள் தாங்கள் எழுதியதைப் படித்துக்காட்ட ஓர் அறையும் நாற்காலிகளும் கொடுத்தால் போதும். பெரிய செலவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் நான்கு பக்கமாவது முடிக்க வேண்டும் என்ற எண்ணமே பலரை எழுத வைக்கும்.

எழுத நினைப்பவர்கள் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். பால் கணக்கு எழுதிய டைரியிலும் வெற்றுப் பக்கங்கள் இருக்கும். இன்றிரவே ஒரு பக்கத்தைப் பிரித்து, தேதி போட்டு, நூறு சொல் எழுதுங்கள். நாளைய நூறை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.