காக்காவைத் 'தாத்தா' என்று வாசிக்கும் பிள்ளை

திண்டுக்கல் பழநி சாலையில் ரெட்டியார்சத்திரம் பக்கம் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்கிறோம். அதற்காக யாரையும் எழுத்தறியாதவர் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளை 'காக்கா' என்ற அட்டையைப் பார்த்து 'தாத்தா' என்று வாசித்தால் மட்டும் தவறு என்று பதிவாகிவிடுகிறது.

ககரத்துக்குப் பின்நாக்கு மேலே எழ வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது எழும் முன் நுனிநாக்கு முந்திக்கொள்கிறது, ககரம் தகரமாகிவிடுகிறது. கண் சரியாகத்தான் படித்தது. நம்பிக்கை இல்லையென்றால் 'காக்கா', 'தாத்தா' என்ற இரண்டு அட்டையையும் மேசையில் வையுங்கள். "காக்கா எது? தொட்டுக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையின் விரல் தயங்காமல் சரியான அட்டைக்குப் போகும். அரை நிமிடம்கூட ஆகாது.

2022இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மலரில் இருக்க வேண்டிய பிள்ளையை உச்சரிப்புக்காக அரும்பில் உட்காரவைத்தால் அது அநீதி. ஒன்றிய அரசின் 'நிபுண் பாரத்' இலக்கோ இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வாசிக்கக் கேட்கிறது. திக்கிப் பேசும் பிள்ளையிடம் கடிகாரத்தை நீட்டினால் அளக்கப்படுவது திக்கல்தான், வாசிப்பல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்த 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. தேர்வு முறையில் தகுந்த மாற்றம் செய்துதர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இரண்டு அட்டை வைக்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

வீட்டிலும் ஒரு பிழை நடக்கிறது. "அவங்க அப்பனும் இப்படித்தான், வளர வளரச் சரியாயிடும்" என்று நாக்கில் வசம்பைத் தேய்த்துவிட்டு நாள் கடத்துகிறோம். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேட்காத ஒலி வாயில் வராது. பேச்சுச் சிக்கல் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வாசிப்பும் உண்மையிலேயே கடினமாகும். ஆகவே, பேச்சுதானே என்று விட்டுவிடவும் கூடாது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பள்ளிக்கு வரச்சொல்லிப் பெற்றோர் கேட்கலாம்.

ஆசிரியர்களே, அடுத்த மதிப்பீட்டில் தவறு என்று குறிக்கும் முன் அந்தப் பிள்ளையின் முன்னால் இரண்டாவது அட்டையை வையுங்கள்.