காற்று வரும் வழியே மழையும் வரும்

பழைய வீடு இடிபடுகிறது. அதே மனையில் புதிய வீடு எழுகிறது. திண்ணை போயிற்று, ரேழி போயிற்று, வானம் பார்த்த முற்றமும் போயிற்று. எல்லாவற்றையும் நான்கு சுவருக்குள் அடக்கிக் குடியேறிய பிறகு வீட்டாருக்கு மூச்சு முட்டுகிறது. எப்படியாவது வெளியைக் கொஞ்சம் உள்ளே அழைத்து வர வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிறக்கிறது. அந்த ஆசைக்கு இன்றைய கடைவீதி காட்டும் பரிகாரம் அலுமினிய மடக்கு ஜன்னல்.

பார்க்க அழகான சாமான்தான். கீல் வைத்துப் பிணைத்த கண்ணாடிக் கதவுகள் விசிறி போல் மடிந்து ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். சுவர் இருந்த இடத்தில் தோட்டம் தெரியும். இரண்டு தடத்தில் நகரும் சாதாரண ஜன்னலை எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மடக்கு ஜன்னலோ, மடிந்த கதவுகள் நிற்கும் இடம் போக மற்றதெல்லாம் திறந்துகொள்ளும். இது மெய்யான சௌகரியம். மறுப்பதற்கில்லை.

ஆயினும் கடையில் ஜன்னலைப் பார்ப்பவர் தம் வீட்டுச் சுவரை மறந்துவிடுகிறார். அது எந்தத் திசை பார்த்த சுவர்? முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். சென்னையில் கோடைப் பிற்பகலில் ஆறுதல் தருவது கடற்காற்று. அது கிழக்கேயிருந்தும் தென்கிழக்கேயிருந்தும் வருகிறது. எனவே அந்தப் பக்கம் திறப்பதே புத்திசாலித்தனம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாரலை அடித்துக்கொண்டு வருவதும் கிழக்கேயிருந்துதான். காற்று வரும் வழியே மழையும் வரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததைக் கண்டவர்கள், பத்தடி அகலக் கண்ணாடியை இலேசாக நினைக்க மாட்டார்கள்.

மேற்குச் சுவரிலோ இந்த ஜன்னல் வேண்டவே வேண்டாம். மாலை வெயில் சாய்வாகப் பாயும். மேலே நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. மரத்தைவிடப் பல நூறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது அலுமினியம். சட்டத்தின் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரிக்கும் பாலியமைடு பட்டை இல்லாத மலிவுச் சரக்கானால், சட்டமே அடுப்பங்கரைச் சுவர் போலச் சுடும். வெளியை உள்ளே அழைக்கப் போனவர், வெயிலை அழைத்து வைத்து ஏ.சி. கட்டணம் கட்டுவார்.

அடுத்தது பளு. இரண்டரை அடி அகலம், ஏழடி உயரம், ஆறு மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு கதவில் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 24 கிலோ. நான்கு கதவுகள் என்றால் 100 கிலோவை நெருங்கும். மேலிருந்து தொங்கும் வகையானால் இவ்வளவையும் தாங்குவது லிண்டல். அது சில மில்லிமீட்டர் தொய்ந்தாலும் கதவு சிக்கிக்கொள்ளும். ஆதலால் ஜன்னல்காரரைக் கேட்குமுன் பொறியாளரைக் கேட்பது நல்லது.

கடலோர வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அலுமினியம் இரும்பைப் போல் துருப்பிடிக்காது. எனினும் உப்புக் காற்று அதையும் புள்ளி புள்ளியாய் அரிக்கும். பவுடர் பூச்சு நன்றாக இருக்க வேண்டும்; திருகாணியும் கீலும் தரமான எவர்சில்வராக இருக்க வேண்டும்; அவ்வப்போது நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கீழ்த்தடத்தில் நீர் வடியும் துவாரங்கள் உண்டா என்று குனிந்து பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சாரல் நீர் அங்கே தேங்கினால் கூடத்துக்குள்தான் வழியும்.

கொசு இருக்கிறதே, அதை யாரும் கடையில் நினைப்பதில்லை. சுவரளவு திறந்த வாசலுக்குச் சுவரளவு வலை வேண்டும். மடிப்பு வலையோ சுருள் வலையோ முதலிலேயே சட்டத்தோடு சேர்த்துத் திட்டமிடாவிட்டால், மாலை ஆறு மணிக்கு ஜன்னல் சாத்தப்பட்டுவிடும். டெங்கு பரப்பும் கொசு பகலிலேயே கடிப்பதால், பகலிலும் சாத்த நேரும். அப்புறம் அது விலை உயர்ந்த கண்ணாடிச் சுவர், அவ்வளவே.

எல்லாவற்றுக்கும் மேலானது குழந்தை. பழைய ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. மடக்கு ஜன்னல் திறந்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. மாடி வீட்டில் அதற்கு அப்பால் பால்கனியும், குழந்தை ஏற முடியாத உயரக் கைப்பிடியும் இல்லையென்றால் அந்த இடத்தில் அதை வைக்கவே கூடாது. இதில் அழகுக்காக விட்டுக்கொடுக்க இடமில்லை.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் 1930களில் வடிவமைத்தார். வடக்கும் தெற்கும் நோக்கிய அதன் சுவர்களில் திருப்பக்கூடிய கிடைப் பலகைகளை அடுக்கினார். வெயிலும் மழையும் வெளியே நிற்க, காற்று மட்டும் உள்ளே போகிறது. திசையை முதலில் பார்த்து, சாதனத்தைப் பிறகு தேர்ந்ததன் பலன் அது.

ஆகவே முதல் செலவு ஆழமான தாழ்வாரத்துக்கு, இரண்டாவது வலைக்கு, மூன்றாவதுதான் ஜன்னலுக்கு. நாலடி தாழ்வாரத்தின் கீழ் சிறிதாக ஒரு மடக்கு ஜன்னல் இருந்தால் தினமும் திறக்கும். தாழ்வாரமில்லாத பதினைந்தடி ஜன்னல் விருந்தாளி வரும்போது மட்டும் திறக்கும்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்தது காற்றுக்காக மட்டுமா? தெருவில் போகிறவரை "வாங்க, உட்காருங்க" என்று அழைப்பதற்கும்தான். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையும் விற்பதில்லை. ஜன்னலைத் திறந்த பிறகு அங்கே ஒரு பெஞ்சு போட்டு, யாரையாவது கூப்பிட வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு.